எம் வீட்டுச் சுவர்

ஆண்டு மலருக்குத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் கட்டுரை வரைவதாயின், அது சங்க நூற்பொருள் ஒன்றைப் பற்றியதாக இருத்தலே இங்கு வழக்கம். அவ்வழக்கத்தினின்று இவ்வாண்டு யாம் சிறிது வழுவுகின்றோம். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வாராக. யாம் எழுதப் புகுந்த பொருள், கொடைரோட்டில் இருப்புப் பாதையோரம் நிற்கும் எம் வீட்டுச் சுவர். அச்சுவர் சில காலம் எமக்குப் பொருளீட்டித் தந்தது. சில காலம் ஈட்டித் தராது ஏமாற்றியது. ஒருமுறை எம்மை வகுப்பில் தலைகுனியவும் வைத்தது.

கொடைரோடு என்பது முதற்கண் ஊர்ப்பெயரன்று, நிலையத்தின் பெயர். 1875 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்கு இருப்புப் பாதை வந்தபொழுது அம்மையநாயக்கனூரில் நிலையமொன்று அமைந்தது. கொடைக்கானல் மலைக்குச் செல்லும் துரைமக்களும் மிஷனெறிமாரும் இங்கே இறங்கி, மாட்டு வண்டியேறி மலையடி சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலும் டோலியிலும் மேலே சென்றனர். நிலையப் பலகையில் இன்றும் 'கொடைக்கானல் ரோடு' என்றே எழுதியிருக்கும். எம்மவர் நாவில் அது கொடைரோடாகச் சுருங்கிற்று. மலையூரோ இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதனை அறியாத பயணிகள் சிலர் வண்டியிலேயே கம்பளிச் சட்டை அணிந்துகொண்டு, சித்திரை வெயிலில் எம் பிளாட்பாரத்தில் இறங்கி விழிப்பதைக் காண்டல் சிறு பருவத்தில் எமக்குப் பெரியதொரு வேடிக்கை.

எம் இல்லம் நிலையத்துக்கு வடபால் உளது. கல்லும் மண்ணும் கொண்டெழுப்பி நாட்டோடு வேய்ந்த சிறு வீடு. எம் பாட்டனார் கட்டியது. வண்டிகளின் இரைச்சலுக்கும் அந்நாளைய கரிப்புகைக்கும் அஞ்சி, பாதைப் பக்கம் ஒரு சன்னலும் வையாது விட்டார். ஆகவே 24 அடி நீளமும் 10 அடி உயரமும் உடைய வெறுஞ்சுவர் ஒன்று வண்டிகளை எதிர்நோக்கி நின்றது. திண்டுக்கல் வழியாக வரும் வண்டி எம்மூரில் நிற்பதாயின், எம் வீட்டருகே வரும்பொழுது அதன் விரைவு குன்றிவிடும். நில்லாது செல்லும் வண்டியில் உள்ளவர் எம் சுவரைக் காண்பது இமைப்பொழுது. நிற்கும் வண்டியில் உள்ளவரோ எழுத்துக் கூட்டியும் படிக்கலாம். இவ்வேறுபாட்டிலே காசு இருக்கின்றது என்பதை யாம் 2022 ஆம் ஆண்டு வரை அறிந்திலோம்.

அவ்வாண்டு எம் குடும்பத்துக்கு நல்ல ஆண்டன்று. தந்தையார் சிறுமலை அடிவாரத்தில் ஓர் ஏக்கர் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பழம் கறுத்துவரும் பருவத்தில் மழை பிடித்துக்கொண்டால் தோல் வெடித்துக் கொத்தோடு அழுகும், அவ்வாண்டு பிடித்துக்கொண்டது. உரக்கடைக் கடன் நின்றது. குத்தகைப் பாக்கி நின்றது. தாயாரின் கழுத்துச் சங்கிலி நகைக்கடன் கொடுக்கும் கடைக்குச் சென்றது. இந்நிலையில் ஒருநாள் காலை, இருபுறமும் டப்பாக்கள் தொங்கும் பழைய மொபெட் ஒன்றில் பெயிண்டர் ஒருவர் வந்து எம் வாசலில் நின்றார்.

“அம்மா, இந்தச் சுவரைக் கொடுப்பீர்களா?” என்று அவர் கேட்டார். தாயார் திகைத்தார், வீட்டை விலைக்குக் கேட்கின்றார் என்றே எண்ணினார். பின்னரே செய்தி விளங்கிற்று. சிமெண்டுக் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தை அச்சுவரில் எழுதவேண்டும். அதற்கு ஈடாக வீடு முழுமைக்கும் வெள்ளையடித்துத் தருவார். கம்பெனியின் ஏஜெண்டிடமிருந்து ஆண்டுக்கு 2,000 ரூபாயும் வாங்கித் தருவார். திண்ணையிலிருந்த அப்பத்தா, “வெள்ளையடிக்க ஆள் கிடைக்காமல் நாம் கிடக்கிறோம், அவனாக வந்து அடித்துவிட்டுக் காசும் கொடுப்பானாமா? நன்றாகக் கேள், நம்மிடம் வாங்கப்போகிறானோ என்னவோ!” என்றார்.

பெயிண்டர் பழஞ்சுண்ணாம்பைச் சுரண்டத் தொடங்கியபொழுது ஒரு புதுமை நிகழ்ந்தது. ஏடு ஏடாகப் பெயர்ந்த சுண்ணாம்பின் கீழிருந்து மங்கிய சிவப்பெழுத்துக்கள் சில தோன்றின. முதலில் 'பு', பின்னர் 'லை'. திண்டுக்கற் சீமையில் இதனைப் புகையிலை என்று அறிய நிகண்டு வேண்டுவதில்லை. சுருட்டுக்கும் புகையிலைக்கும் பெயர்போன ஊர் அது. அப்பத்தாவைக் கேட்டோம். “ஆமாம், உன் தாத்தா இருக்கும்போது எழுதினார்கள். ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் இரண்டு கட்டுப் புகையிலையும் கொடுத்தார்கள்” என்றார். சுண்ணாம்பு சுவருக்குப் போயிற்று. புகையிலை யாருக்குப் போயிற்று என்பதை அவர்தம் பற்களே கூறின. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வந்து புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் முன்னரே அவ்வெழுத்துக்கள் வெள்ளைக்குள் மறைந்துவிட்டன போலும். சுவரை வாடகைக்கு விடும் முதல் தலைமுறை யாமே என்று எண்ணியிருந்த எமக்கு அது சிறிது ஏமாற்றமாகவே இருந்தது.

பெயிண்டர் எழுதும் முறையை இரண்டு நாள் கூடவே நின்று கண்டோம். நீலந்தோய்ந்த நூலை இருவர் இருபுறமும் இறுகப் பிடிக்க, நடுவில் இழுத்துத் தெறிக்கவிட்டால் சுவரில் நேர்கோடு விழுகின்றது. அக்கோடுகளுக்கிடையே சாக்கட்டியால் எழுத்தின் உருவை வரைகின்றார். இடமிருந்து தொடங்கி எழுதுவார் என்று யாம் எதிர்பார்த்தோம். அவரோ சொல்லின் நடுவெழுத்தை முதலில் சுவரின் நடுவில் நிறுத்தி, இருபுறமும் எண்ணிக்கொண்டு போனார். அங்ஙனமன்றி எழுதினால் இறுதி எழுத்து மூலையில் நெருக்குண்டு நிற்குமாம். விளிம்பை அவர் தீட்டுவார். உள்ளே நிரப்புவது உடன்வந்த சிறுவன் வேலை. முடிந்தபின் பிளாட்பாரத்தின் மறுகோடி வரை நடந்து சென்று, அங்கிருந்து படித்துப் பார்த்துத் திரும்பினார். “அங்கே தெரியாத எழுத்துக்கு இங்கே கூலி இல்லை, தம்பி” என்றார்.

இங்குதான் எம் படிப்பு குறுக்கிட்டது. கம்பெனியார் கொடுத்த வாசகத்தில் 'வீட்டுக்கு' என்னும் சொல்லின் பின் 'பலம்' என்னும் சொல் வந்தது, இடையில் ஒற்றில்லை. நான்காம் வேற்றுமை உருபின்பின் வல்லினம் மிகும் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்ததன்றோ? அந்நாளில் யாமும் பள்ளிப் பிள்ளையே. எனவே பணிவுடன் எடுத்துரைத்தோம். பெயிண்டர் கையிலிருந்த தாளை எம்மிடம் நீட்டி, “இதில் உள்ளபடி எழுதினால்தான் போட்டோ எடுத்து அனுப்பிப் பணம் வாங்க முடியும். ஓர் எழுத்துக் கூடினாலும் ஏஜெண்டு என் கூலியைப் பிடித்துக்கொள்வார்” என்றார். ஒற்றுக்காக ஒருவர் கூலியை இழக்கச் செய்தல் தகாதெனக் கருதி விட்டுவிட்டோம். ஓராண்டு கழித்து யாம் இக்கல்லூரியிற் சேர்ந்த புதிதில், திருச்சிராப்பள்ளி சென்று மீண்ட பேராசிரியர் ஒருவர் வல்லினம் மிகும் இடங்களைப் பாடஞ்சொல்லுங்கால், கொடைரோட்டருகே தாம் வண்டியிலிருந்து கண்ட பெருஞ்சுவரொன்றை எடுத்துக்காட்டாகக் கூறினார். வகுப்பு நகைத்தது. யாமும் உடன் நகைத்தோம். அச்சுவர் யாருடையது என்று அன்று சொல்லும் துணிவு எமக்கு வரவில்லை. இம்மலரில் இப்பொழுது சொல்கின்றோம்.

முதலாண்டுப் பணம் 2,000 ரூபாய் வந்தது. அதனால் எம் பன்னிரண்டாம் வகுப்புச் செலவின் ஒரு பகுதி தீர்ந்தது, வீடும் வெளுத்தது. ஆயினும் எம் வீட்டுக்கிருந்த அடையாளம் மாறிற்று. அதுகாறும் எம் தாத்தா பெயரால் வழங்கிய இல்லம், ஆறு மாதத்துள் 'சிமெண்டு வீடு' ஆயிற்று. ஆட்டோக்காரர் அப்படிச் சொன்னார். பால்காரர் அப்படிச் சொன்னார். இறுதியில் உறவினர் திருமண அழைப்பிதழ் ஒன்றும் அம்முகவரியோடு வந்தது. உள்ளபடியே அவ்வீட்டில் மருந்துக்கேனும் சிமெண்டு கிடையாது. மண்சாந்தால் நிற்கும் சுவர் சிமெண்டின் உறுதியை ஊரறிய உரைத்துக்கொண்டிருந்தது.

எதனை விற்றோம் என்ற ஐயம் எமக்கு அக்காலத்தில் எழுந்தது. சுவரை விற்றிலோம், அது எம்மிடமே இருந்தது. வண்ணம் பூசும் இடத்தை விற்றோம் எனின், அதே அளவுள்ள எம் கிழக்குச் சுவரை ஏன் எவரும் கேட்கவில்லை? அங்கே கோழிக்கூடு ஒன்றே அதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. விலைபோனது வண்டியில் வருவோரின் பார்வை. அதனை எமக்குத் தந்தவர் எவருமில்லை. 1875 ஆம் ஆண்டில் பாதையிட்டவர்களும், எம்மூரில் வண்டிகளை நிறுத்தும் அதிகாரிகளும், சாளரத்தோரம் அமர்ந்து சோம்பியிருக்கும் பயணியும் சேர்ந்து உண்டாக்கிய ஒன்றை யாம் நடுவில் நின்று விற்றோம். பயணிக்கு அதில் ஒரு காசும் இல்லை, கேட்கவும் மாட்டார்.

தம் உடைமையையும் உடலையும் பிறர் வாணிகத்துக்குப் பலகையாக்கிக் கூலியே பெறாதவரும் உளர். துணிக்கடையார் கொடுக்கும் மஞ்சட்பையை எண்ணுக. நம் நாட்டில் அதனைத் தோளில் மாட்டாதவர் யார்? கடையின் பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் சிவப்பெழுத்தில் விளங்க, கலியாண வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அதனைச் சுமந்து செல்கின்றோம். 2021 ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டு அரசினர் பிளாஸ்டிக் பைகளை ஒழிக்கும் பொருட்டு மஞ்சப்பையை மீண்டும் எடுக்குமாறு இயக்கமே தொடங்கினர். கடைக்காரர்க்கு அதில் வருத்தமிராது. சுவரிலே தொங்கும் நாட்காட்டியும் அவ்வாறே. நாள்தோறும் தாள் கிழிப்பவர் நாம். கிழியாது நிற்பது கடைப்பெயர்.

எம் சங்க நூற் பயிற்சி முற்றும் வீணாகவில்லை என்பதற்கு ஒன்று சொல்லி அமைவோம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைக் கூறுமிடத்து, கோயிற் கொடியையும், வாதுக்கு அழைக்கும் ஆசிரியர் நட்ட கொடியையும், மரக்கலத்தின் கொடியையும் கூறிக் கள்விற்கும் மனையின் கொடியையும் ஒழியாது கூறுகின்றது. எழுத்தறியாதவனும் கொடி கண்டு கடையறிவான். ஆயின் அவரவர் கொடியை அவரவர் வாயிலில் நட்டனர். அயலான் வீட்டு வாயிலில் கட்டணங்கொடுத்து நட்டதாக அந்நூலில் யாம் காணவில்லை.

அயலான் சுவருக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் பிற நாட்டிலும் உண்டென்பதை நூலகத்தில் படித்தோம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்துப் புகையிலைக் கம்பெனி ஒன்று, 1890களிலிருந்து 'மெயில் பவுச்' என்னும் தன் சரக்கின் பெயரை உழவர்தம் பண்ணைக் களஞ்சியங்களின் மேல் எழுதுவித்து வந்தது. உழவர்க்குக் கிடைத்தது தொடக்கத்தில் ஆண்டுக்கு ஓரிரு டாலர். அதனினும் அவர் பெரிதாக மதித்தது மரச்சுவர் உளுத்துப்போகாமற் காக்கும் புதுவண்ணம். எம் தாத்தாவின் சுண்ணாம்பு மூட்டைக்கும் இதற்கும் வேறுபாடு யாது? ஹார்லி வாரிக் என்னும் பெயிண்டர் 1946 ஆம் ஆண்டு தொடங்கி நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ 20,000 களஞ்சியங்களில் எழுதினாராம். 1965 ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைகளை அழகுறச் செய்யும் சட்டம் வந்து சாலையோர விளம்பரங்களைக் குறைத்தது. பின்னர் அக்களஞ்சியங்களுக்கு மட்டும், அவை நாட்டின் பழம்பொருள் ஆகிவிட்டன என்று விலக்களித்தார்கள். எம் தாத்தாவின் 'பு'வும் 'லை'யும் சுரண்டப்பட்டு மண்ணிலே கிடக்கையில் அவற்றைப் பழம்பொருள் என்று கருத எமக்கும் தோன்றவில்லை.

இரண்டாமாண்டு, அஃதாவது 2023 இல், பணம் வரவில்லை. பெயிண்டரைக் கேட்டோம், அவருக்கும் மூன்று ஊர்ச் சுவர்களின் கூலி வரவேண்டியிருந்தது. ஏஜெண்டின் தொலைபேசி ஒலித்தது, எடுப்பார் இல்லை. எம்மிடம் எழுத்து மூலமாக ஒரு துண்டுத் தாளும் இல்லை. நீதிமன்ற எழுத்தராக இருக்கும் உறவினர் ஒருவர் வந்தபொழுது முறையிட்டோம். அவர், பொது இடத்தில் நின்று பார்க்கக் கூடிய சுவரில் உடையவரின் எழுத்து மூலமான இசைவின்றி விளம்பரம் எழுதுதல் 1959 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று கூறி, “அவனிடமும் தாள் இல்லை, உங்களிடமும் தாள் இல்லை, அழித்துவிடுங்கள்” என்றார். அழிப்பதற்குச் சுண்ணாம்பு வேண்டும், ஆள் வேண்டும், இரண்டுக்கும் காசு வேண்டும். அவ்வாண்டு முழுதும் எம் சுவர் இலவசமாகவே உழைத்தது. சங்கிலியும் மீளவில்லை; வட்டி ஏறி, ஏலம் போயிற்றென்று ஒரு கடிதம் வந்தது. தாயார் அதனை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். அதுபற்றி அவர் பேசவில்லை, யாமும் பேசவில்லை.

அச்சிமெண்டு விளம்பரம் ஒருமுறை மட்டும் எமக்கு உதவிற்று. 2024 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலுக்கு முன் கட்சிக்காரர் சிலர் சுவருக்கு வெள்ளை பூசி, தங்கள் கட்சிக்கு 'ரிசர்வ்' என்று எழுத வாளியோடு வந்தனர். தாயார் வெளியே வந்து, “ஐயா, இது கம்பெனிக்குக் கொடுத்த சுவர்; அவர்களைத்தான் கேட்கவேண்டும்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வாளி அடுத்த தெருவுக்குச் சென்றது.

அவ்வாண்டு ஆனி மாதம் அதே பெயிண்டர் மீண்டும் வந்தார். இம்முறை கொண்டுவந்தது நல்ல பேரம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், முழுத்தொகையும் முன்பணம், ஒப்பந்தம் முத்திரைத் தாளில். தந்தையார் முகம் மலர்ந்தது. ஒப்பந்தத்தின் வாசகத்தை எழுதித் தருமாறு எம்மைப் பணித்தார். யாமும் தாளை எடுத்தோம். எந்தக் கம்பெனி என்பதைப் பெயிண்டர் அதன்பின்னரே சொன்னார். நகைக்கடன் கம்பெனி. எம் சங்கிலியை ஏலம் விட்ட கடையன்று, வேறொன்று.

சற்றுநேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அப்பத்தா, “சுவர்தானே, எழுதிவிட்டுப் போகட்டும், புகையிலை எழுதவில்லையா?” என்றார். தந்தையார் எம் விடுதிக் கட்டணத்தை நினைவூட்டினார். அஃது உண்மை; அம்முன்பணம் வந்தால் பருவ முதல் தவணை அடையும். எமக்கோ அப்பொழுது சொற்பெருக்கு மிகுந்தது. இவ்வெழுத்தைக் கண்டு எந்தத் தாய் தன் சங்கிலியைக் கொண்டுபோய் வைப்பாளோ, அப்பழி எம் சுவரைச் சாருமன்றோ என்று தொடங்கி, பயணியின் பார்வையை விற்பதன் அறம் யாது என்பது வரை பேசினோம். தாயார் கேட்டிருந்துவிட்டு, “அதெல்லாம் எனக்குத் தெரியாது, தம்பி. குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகிற ஒவ்வொரு வேளையும் அதைப் படித்துக்கொண்டு போக என்னால் ஆகாது” என்றார். பேச்சு அதனோடு முடிந்தது. தந்தையார் எழுந்து தோட்டத்துக்குப் போனார். இரண்டு நாள் அவர் எம்மோடும் பேசவில்லை. எம் சொற்பொழிவே காரணமென எண்ணினார் போலும்.

சுவருக்குச் சொந்தச் செலவில் வெள்ளையடித்தோம். விடுதியை விட்டோம். அன்றுமுதல் விடியுமுன் எழுந்து மதுரைப் பேருந்தைப் பிடித்து வருகின்றோம்; இரவு விளக்கு வைத்தபின் வீடு சேர்கின்றோம். இடம் கிடையாத நாட்களில் கம்பியைப் பற்றிக்கொண்டே இலக்கணம் உருவிடுகின்றோம். முதல் மணிக்குப் பிந்தி வரும் எம்மைப் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியர்க்கு இதுவே விளக்கம். 6,000 ரூபாயை மறுத்தது சரியோ என்று கேட்டால், மழைநாளில் பேருந்துப் படிக்கட்டில் தொங்கும்பொழுது யாம் தரும் விடை ஒன்று. தாயார் குடத்தோடு தலைநிமிர்ந்து நடப்பதைக் காணும்பொழுது தரும் விடை வேறு.

பெயிண்டரோ பிழைக்கவேண்டியவர். எம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அதே சுவர் வரிசையில் இன்னொரு வீடு உளது. சுவர் சிறியது; ஆதலின் 4,500 ரூபாய்க்கு முடிந்தது. அப்பணங்கொண்டு அவ்வீட்டார் ஒழுகிய கூரையில் நான்கு தகரம் மாற்றினர். வண்டியில் வருவோர் எம் வெறுஞ்சுவரைக் கடந்து இரண்டு நொடியில் அதனைப் படிக்கின்றனர். குழாயடிக்குச் செல்லும் வழி எம் பக்கமே ஆகையால் தாயார்க்கு அது தென்படுவதில்லை.

அச்சுவரில் எழுத்துக்கு நூலடித்த அன்று மாலை யாம் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். சாக்கட்டியும் கையுமாகச் சாரத்தின்மேல் நின்ற பெயிண்டர் எம்மைக் கண்டு கூப்பிட்டார்.

“தம்பி, இந்தக் கம்பெனிக்காரர் எழுத்தை நம்மிடமே விட்டுவிட்டார். நகைக்கும் கடனுக்கும் நடுவில் ஒற்று வருமா, வராதா?”

வரும் என்றோம். அவர் நடுவெழுத்தை அழித்துவிட்டு, மீண்டும் இருபுறமும் எண்ணத் தொடங்கினார்.